மைனஸ் ஒன்பதரை

எங்கள் சபையில் என்னைப் பற்றி ஒரு சாட்சி உலாவுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், துக்கத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கடல் கடந்து போய் ஏழைகளுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு வந்தாளாம். கேட்கிறவர்கள் மூக்கைச் சிந்துகிறார்கள். அதில் பிள்ளையைப் பறிகொடுத்ததும் கடல் கடந்து போனதும் மட்டும்தான் நிஜம். மிச்சத்தை நானே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் வாயில் நல்லவளாக இருந்து இருந்து எனக்குச் சலித்துவிட்டது.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். பதினெட்டு வருடமாக லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறேன். ஒரு கண்ணாடியைக் கையில் வாங்கி, சற்றுத் தள்ளிப் பிடித்து ஆட்டிப் பார்த்தாலே ஏறக்குறைய அதன் பவரைச் சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? என் மகனுக்கு ஒன்பது வயதில் பவர் ஏறிக்கொண்டே போனதை ஒரு வருடம் நான் கவனிக்கவில்லை. பழைய மைனஸ் ஆறைப் போட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தான். போர்டு தெரியாமல் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதி, காப்பியடிக்கிறான் என்று அடி வாங்கியிருக்கிறான். வீட்டில் வந்து சொல்லவும் இல்லை. எல்லாருக்கும் போர்டு அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருக்கிறான், பைத்தியக்காரப் பிள்ளை. கண்டுபிடித்தது என் வீட்டுக்காரர்தான். அவர் மின்சார வேலை செய்கிறவர், கண்ணாடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பஸ் நிறுத்தத்தில் வந்து நின்ற பஸ்ஸின் எண்ணைப் பிள்ளை கிட்டே போய்ப் படித்ததைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். நான் அன்று அடுப்படியில் நின்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

மறுநாளே புதுக் கண்ணாடி செய்தேன். வலது மைனஸ் ஒன்பதரை, இடது மைனஸ் எட்டு, நீல ஃபிரேம். லென்ஸ் தடிமனாக வரும், பள்ளிக்கூடத்தில் சோடாபுட்டி என்று கூப்பிடுவார்கள் என்று ஓரத்தை எவ்வளவு தேய்க்க முடியுமோ அவ்வளவு தேய்த்தேன். இடது பக்கக் கீலுக்குக் கறுப்புத் திருகாணி தீர்ந்துபோய் பித்தளைத் திருகாணி போட்டேன். அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். யோசிக்கும்போது கண்ணாடியைக் கழற்றி அதன் காலின் நுனியைக் கடிப்பான். எத்தனை திட்டியும் விடவில்லை. அதனால் வீட்டில் அவன் பெயரே எலி என்று ஆகிவிட்டது. புதுக் கண்ணாடி வந்த மாதமே வலது காலின் நுனியில் வரிசையாகப் பல் பதிந்துவிட்டது.

பதினோரு வயதில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். மருத்துவமனையில் சட்டையையும் கண்ணாடியையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள்.

பதினான்கு மாதம் அந்தக் கண்ணாடி என் மேஜை இழுப்பறையில் இருந்தது. கடையிலிருந்து வந்ததும் எடுப்பேன். அந்தப் பல் தடத்தை விரலால் தடவுவேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சில நாள் அதே இடத்தில் என் பல்லை வைத்துப் பார்ப்பேன். அவன் பல் சின்னது, என் பல் பொருந்தாது. ஆனாலும் வைப்பேன்.

அப்போதுதான் சபையில் அறிவிப்பு வந்தது. வெளிநாட்டில் பத்து நாள் ஊழியப் பயணம், அங்கே கண் முகாம், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கண்ணாடிகளைக் கொண்டுவந்து வாசலில் இருக்கும் பெட்டியில் போடுங்கள் என்று. குழுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் மைக் அண்ணன். கையில் மைக் கிடைத்தால் பிடுங்கத்தான் வேண்டும், அவராகக் கொடுக்க மாட்டார். நல்ல மனிதர், அது வேறு விஷயம். ஐந்து வாரம் அவர் அறிவித்தார், நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் போட்டுக்கொண்டார்.

ஒரு நாள் இழுப்பறையைத் திறந்தேன், கண்ணாடி இல்லை. வீட்டையே புரட்டிப் போட்டேன். அவர் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பெட்டியில் போட்டுவிட்டேன் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் கிடைத்ததை எல்லாம் எறிந்தேன். அவர் ஒதுங்கக்கூட இல்லை.

"யாராவது ஒரு புள்ள அதப் போட்டுப் பாத்தா, அவன் கண்ணு சும்மா போகலன்னு இருக்கும்ல" என்றார்.

"அதக் கொடுக்க நீங்க யாரு?"

"அவனோட அப்பன்" என்றார். நான் இன்னும் கத்தினேன்.

மைக் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். சேர்ந்த ஒன்பது பெட்டியும் அன்று மதியமே விமானச் சரக்கில் போய்விட்டன. குழுவில் ஒருத்தருக்குப் பாஸ்போர்ட் வராததால் ஓர் இடம் காலியாக இருந்தது. என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது, வெளிநாட்டில் இருக்கும் என் தங்கையின் பிரசவத்துக்குப் போவதற்காக எடுத்தது. நான் வருகிறேன் என்றேன். மைக் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடி வேலை தெரிந்த ஆள் ஒருத்தர் வேண்டும் என்று மூன்று மாதமாக ஜெபித்தார்களாம். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. எனக்கு ஊழியமும் இல்லை, அடுத்தவருக்காக மனம் கனப்பதைப் பாரம் என்பார்களே, அந்தப் பாரமும் இல்லை, என் பிள்ளையின் கண்ணாடியைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு வரத்தான் போகிறேன் என்று அங்கே யாருக்குத் தெரியும்? என் வீட்டுக்காரர்கூட நான் மனம் இறங்கிவிட்டேன் என்று நினைத்து, என் பெட்டியை அவரே அடுக்கிக் கொடுத்தார்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில். மூன்று வகுப்பறை. முதல் அறையில் எங்கள் டாக்டரம்மா கண்ணைச் சோதித்து, தேவையான பவரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். இரண்டாவது அறையில் நானும் பெட்டிகளும் பவர் பார்க்கும் கருவியும். சீட்டில் உள்ளதற்குச் சரியான கண்ணாடியைத் தேடிப் பொருத்திக் கொடுக்க வேண்டும். மூன்றாவது அறையில் ஜெபம். பாஷை தெரியாததால் அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தர் இடையில் நின்று மொழிபெயர்த்தார். ஊரில் நேரம் போதாமல் ஐந்து பெட்டியைத்தான் அளந்து பிரித்து அனுப்பியிருந்தார்கள். மற்ற நான்கில் கண்ணாடிகள் குப்பையாகக் கொட்டிக் கிடந்தன. பிரித்த ஐந்திலும் என் கண்ணாடி இல்லை. மீதி நான்கையும் அளக்க ஆரம்பித்தேன். டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. அக்காவுக்கு எவ்வளவு பாரம் பாருங்கள் என்று ஆளுக்கு ஆள் வியந்தார்கள்.

இரண்டாம் நாள் மதியம் எட்டாவது பெட்டியில், யாரோ ஒரு தாத்தாவின் படிக்கிற கண்ணாடிக்கு அடியில் நீலமாகத் தெரிந்தது. பித்தளைத் திருகாணியைப் பார்த்தேன். காலின் நுனியைத் தடவினேன், இருந்தது. அளக்கவில்லை, சீட்டு ஒட்டவில்லை, எடுத்து என் கைப்பையில் போட்டு ஜிப்பை மூடினேன். திருட்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் பொருள். அன்று மாலை முதல் முறையாக அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன், சிரித்துக்கூடப் பேசினேன்.

மைக் அண்ணனிடம் ஒரு வழக்கம் உண்டு. சீட்டில் எழுதிய பவருக்குக் கண்ணாடி கிடைக்காவிட்டால் எல்லா வேலையையும் நிறுத்திவிடுவார். குழுவில் உள்ள அத்தனை பேரும் வந்து பெட்டிகள் மேல் கை வைத்து, அந்த எண்ணைச் சொல்லி ஜெபிக்க வேண்டும். அப்புறம் மறுபடி தேட வேண்டும். முதல் மூன்று நாளில் மூன்று முறை அப்படி ஜெபித்து, மூன்று முறையும் கிடைத்தது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நான்கு பெட்டி பிரிக்காமல் கிடந்தால் கிடைக்காமல் எங்கே போகும்?

நான்காம் நாள் காலை ஒரு பெண் பிள்ளை வந்தாள். பத்து பதினோரு வயது இருக்கும். அப்பாவின் தோளில் கை வைத்துக்கொண்டு, தரையைக் காலால் தடவித் தடவி நடந்து வந்தாள். அந்த அப்பா கட்டட வேலை செய்கிறவர், விரல் இடுக்கெல்லாம் சிமெண்ட் காய்ந்திருந்தது. இரண்டு நாள் நடந்தும் கிடைத்த வண்டியில் ஏறியும் வந்தார்களாம். பிள்ளை இதுவரை கண்ணாடியே போட்டதில்லை. டோக்கன் எண் இருநூற்றுப் பன்னிரண்டு. டாக்டரம்மா அவளை அனுப்பாமல் தானே சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இவ்வளவு பெரிய பவர் நம்ம பெட்டியில இருக்காது. இருந்தாலும் பாருங்கம்மா" என்றார்.

சீட்டைப் பார்த்தேன். வலது மைனஸ் ஒன்பதரை. இடது மைனஸ் எட்டு.

எலியின் பவர். பெட்டிகளில் தேடுகிற மாதிரி தேடினேன். ஒன்பது பெட்டியும் அதற்குள் அளந்து முடித்தாயிற்று. என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது எனக்கு மனப்பாடம். பழைய கண்ணாடி கொடுக்கிறவர்கள் எல்லாம் வயதானவர்கள், முக்கால்வாசி படிக்கிற கண்ணாடி. மைனஸில் இருந்ததிலேயே பெரியது ஆறு. அதற்கு மேல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது என் இடுப்பை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

இல்லை என்றேன்.

மைக் அண்ணன் கையைத் தட்டி எல்லாரையும் கூப்பிட்டார். பன்னிரண்டு பேரும் வந்து பெட்டிகள் மேல் கை வைத்தார்கள். நானும் வைத்தேன். அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு என்ன புரிந்ததோ, அவரும் வந்து ஓரமாக ஒரு பெட்டியில் கை வைத்தார். மைக் அண்ணன் எண்ணைச் சொல்லிச் சொல்லி ஜெபித்தார். ஆண்டவரே, வலது கண்ணுக்கு ஒன்பதரை, இடது கண்ணுக்கு எட்டு, நீர் அறிவீர் என்றார். ஆமாம், அறிவார். அறிந்த இன்னொருத்தி பக்கத்தில்தான் நின்றாள்.

அப்போதாவது எடுத்திருக்கலாம். ஒரு பேச்சுப் பேசியிருக்க வேண்டாம். பெட்டிக்குள் கையை விட்டு, இதோ கிடைத்துவிட்டது என்று எடுத்திருந்தால் போதும், அவர்கள் ஆடிப் பாடியிருப்பார்கள், யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஜிப்பில் விரலை வைத்துவிட்டேன். சத்தியமாக வைத்தேன். அப்போது ஒன்று தோன்றியது. இவளும் சின்னப் பிள்ளை. இவளும் யோசிக்கும்போது கடித்தால்? ஒரு மாதத்தில் அந்தத் தடத்தின் மேல் வேறு தடம் வந்துவிடும். உலகத்தில் அவன் பல் இருந்த இடம் அது ஒன்றுதான். விரலை எடுத்துவிட்டேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

மறுபடி தேடினார்கள். ஒன்பது பெட்டியையும் தரையில் கவிழ்த்துத் தேடினார்கள். குழுவிலேயே வயதில் சின்னவள், தான் விசுவாசத்தோடு ஜெபிக்கவில்லை, அதனால்தான் கிடைக்கவில்லை என்று விம்மினாள். நான் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். என் முகத்தில் காறித் துப்ப வேண்டும்.

கடைசியில் ஒரு மைனஸ் ஆறை எடுத்தேன். பெரியவர்கள் போடுகிற பழுப்பு ஃபிரேம், அவள் மூக்கில் நிற்கவில்லை. பின்னால் எலாஸ்டிக் கட்டி இறுக்கிவிட்டேன். மாட்டியதும் அவள் அப்பாவின் முகத்துக்குக் கிட்டே போய் உற்றுப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். அப்பாவுக்குத் தாடியில் நரை இருப்பது இன்றைக்குத்தான் தெரிகிறதாம். டீச்சர் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். அந்த மனிதர் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். அப்புறம் டீச்சர் அவளைக் கடைசி பெஞ்சுக்குக் கூட்டிப்போய் நிறுத்தி, போர்டில் மூன்று வார்த்தை எழுதினார். பிள்ளை அங்கிருந்து பார்த்தாள். ஒரு பெஞ்சு முன்னால் வந்தாள். இன்னொரு பெஞ்சு வந்தாள். முதல் பெஞ்சையும் தாண்டி, போர்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்று மூன்று வார்த்தையையும் படித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் கன்னம் என் கைப்பையில் அழுந்தியது. அங்கேயே நின்று நான் அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று யாரோ படம் எடுத்தார்கள்.

திரும்பும்போது விமானத்தில் வழிநெடுக ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் போனதும் அந்தக் கண்ணாடியை அவர் முன்னால் வைத்து, பாருங்கள், கொண்டுவந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். விமான நிலையத்தில் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டிருந்தார். முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டிருந்தார். பதினான்கு மாதமாக அவரை நான் அப்படிப் பார்க்கவில்லை. பயணம் எப்படி, உடம்புக்கு எப்படி, ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"யாருக்காவது சேந்துச்சா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்வேன்?

"சேந்துச்சு. ஒரு பொண்ணுக்கு. சரியா இருந்துச்சு" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். வண்டியில் ஏறிய பிறகும் ஆட்டிக்கொண்டு வந்தார்.

அதற்கப்புறம் மூன்று வாரம் அந்த மனிதர் சாப்பிட்டார், தூங்கினார், வேலைக்குப் போகும்போது பாட்டு முணுமுணுத்தார். சாயங்காலம் ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்பார். என்ன வயது? எலி மாதிரி வாயாடியா? என்ன படிக்கிறாளாம்? நான் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். அப்பாவின் தாடி நரையைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணாடி சமையலறையில் பருப்பு டப்பாவுக்குள் இருந்தது. அவர் வீட்டில் இருக்கும்போது எடுக்க முடியாது. அவர் இல்லாதபோது எடுத்தாலும், இப்போது வந்துவிடுவாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டு உடனே உள்ளே போட்டுவிடுவேன். பல் தடத்தை நிம்மதியாக ஒரு நிமிடம்கூட தடவவில்லை.

நான்காவது ஞாயிறு சபையில் பயண அறிக்கை. சுவரில் திரை கட்டிப் படம் காட்டினார்கள். அந்தப் படத்தை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். திரை முழுக்க அந்தப் பிள்ளை, பழுப்பு ஃபிரேம், என் அழுகை. மைக் அண்ணன் விடவில்லை. முகாமிலேயே பெரிய பவர் இந்தப் பிள்ளைக்குத்தான் என்றார். வலது ஒன்பதரை, இடது எட்டு, எத்தனை ஜெபித்தும் நமக்குக் கிடைக்கவில்லை, ஆனாலும் நம் அக்கா கிட்டத்தட்ட ஒன்றைத் தேடி மாட்டிவிட்டபோது அந்தச் சிரிப்பைப் பாருங்கள் என்றார். சபை கை தட்டியது. என் பக்கத்தில் அவர் தட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். பிள்ளையின் பவர் அப்பனுக்குத் தெரியாதா? என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்தோம். உள்ளே வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். நான் பருப்பு டப்பாவை எடுத்து வந்து, உள்ளே கையை விட்டு, கண்ணாடியை எடுத்துத் துடைத்து மேஜையில் வைத்தேன். அவர் தொடவில்லை.

"அந்தப் புள்ளைக்கு என்ன கொடுத்த?"

"மைனஸ் ஆறு."

நாற்காலியை முன்னால் இழுத்து, கண்ணாடிக்கு நேராகக் குனிந்தார்.

"அப்ப போர்டு தெரியாது" என்றார்.

"தெரியாது."

"பக்கத்துப் புள்ளயப் பாத்துதான் எழுதும்."

மேஜையில் சிந்தியிருந்த பருப்பை நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டேன்.

"அடி வாங்கும்" என்றார். அவ்வளவுதான். எலியைப் புதைத்த அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர், மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். அவர் தலையில் கை வைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் கடையில் அதே பவரில் ஒரு கண்ணாடி செய்தேன். மைக் அண்ணன் மூலம் அந்த டீச்சரைப் பிடித்துக் கேட்டேன். எங்கள் சீட்டில் டோக்கன் எண்ணும் பவரும்தான் இருந்தன, பெயரோ ஊரோ நாங்கள் எழுதியதில்லை. எங்கிருந்தோ நடந்து வந்தவர்கள், தெரியாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். அடுத்த வருடப் பயணம் வேறு நாட்டுக்கு.

எலியின் கண்ணாடி இப்போது சாப்பாட்டு மேஜையிலேயே இருக்கிறது. ஒளித்து வைக்க வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் கையை நீட்டும்போதெல்லாம், போர்டைப் பார்த்து ஒவ்வொரு பெஞ்சாக முன்னால் வருகிற அந்தப் பிள்ளைதான் முதலில் வருகிறாள். அவளைத் தாண்டி என் பிள்ளையின் முகம் எனக்கு வருவதில்லை. துடைக்கக்கூட நான் அதைத் தொடுவதில்லை.